கிளிக்குள் இருக்கும் உயிர்

பாட்டிமார் சொல்லும் கதைகளில் ஓர் அரக்கன் வருவான். வாளால் வெட்டினாலும் அவன் சாகான், தீயிலிட்டாலும் வேகான். வெட்டிய தலை மீண்டும் முளைக்கும். அவனோடு பொருத இளவரசன் கை சலித்து நிற்பான். இறுதியில், ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால், ஒரு குகைக்குள்ளே கூண்டில் இருக்கும் கிளியின் உடலிலே அவ்வரக்கன் தன் உயிரை ஒளித்து வைத்திருக்கிறான் என்ற இரகசியம் வெளிப்படும். கிளியின் கழுத்தைத் திருகியதும் அரக்கன் மலைபோலச் சரிவான். சிறு வயதில் இக்கதையைக் கேட்டுக் கண்ணயர்ந்த நாம், வளர்ந்து, வீடும் வளவும் உடையவர்களான பின்னர் அதனை மறந்துவிடுகிறோம். ஆயினும் அந்த அரக்கர்கள் நமது வேலியோரத்தில் இன்றும் நிற்கின்றனர். தழையை வெட்டுகிறோம், தண்டை வெட்டுகிறோம், மறு மாரியில் அது தளிர்த்ததும் நம் விதியை நோகிறோம். அதன் உயிர் எங்கே இருக்கின்றது என்று மட்டும் விசாரிப்பதில்லை.

இவ்வாரம் அந்த விசாரணையைச் செய்து பார்ப்போம்.

கற்பிட்டியிலிருந்து தெற்கே உடப்பு, சிலாபம் வரை நீளும் புத்தளம் மாவட்டத்துக் கரையோரம் மணலும் உவரும் வெயிலும் ஆட்சி செய்யும் நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் பல இடங்களில் களப்பு. மழையை எதிர்பார்த்து வாழும் செடிகள் தலை குனியும் அந்நிலத்திலே, எவர் தயவையும் நாடாமல் செழித்து நிற்பது நாகதாளி. படமெடுத்த பாம்பின் தலைபோன்ற தட்டையான மடல். அதன்மேல் இன்னொரு மடல். அதன் விளிம்பில் மஞ்சள் மலர். பின்னர் கருஞ்சிவப்பான கனி. கனியைத் தின்று நாக்குச் சிவந்த பிள்ளைகளுக்கு அதன் சுவையும் தெரியும், சுணையும் தெரியும்.

நாகதாளி நமது மண்ணுக்கு உரியதன்று. கள்ளி போன்ற தோற்றமுடையதாயினும் அது நமது கள்ளிகளின் இனமும் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டமும் கரிபியன் கடற்கரைகளுமாம். ஐரோப்பியரின் கப்பல்கள் அந்நாடுகளையும் கீழ்த்திசையையும் இணைத்த பின்னரே அது இங்கு வந்து சேர்ந்தது. ஆடுமாடு நுழையாத வேலி வேண்டும் என்று விரும்பிப் பல நாடுகளில் மனிதரே அதனைக் கையால் நட்டனர். வேலியாக வைத்தது பின்பு வளவையே கேட்டது.

அதன் பெரிய முள்ளுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அது கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். மடலின் ஒவ்வொரு கண்ணிலும் கொத்துக் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற நுண்முட்களே பொல்லாதவை. பின்னோக்கிய கொக்கிகள் உடைய அவை தோலில் ஏறினால் எளிதில் இறங்கா. அக்கையால் கண்ணைத் தேய்த்த பிள்ளையை வைத்தியரிடம் கொண்டு செல்லும்படி ஆகிவிடும்.

அவ்வாறாயின் இதன் உயிர் எங்கே? வேரிலா? அன்று. தண்டிலா? அன்று. ஒவ்வொரு மடலிலும், மடலின் ஒவ்வொரு துண்டிலும் இருக்கிறது. மடலிலுள்ள கண் மண்ணைத் தொட்டால் வேர்விடும். வானை நோக்கினால் தளிர்விடும். பிடுங்கி எறியப்பட்ட மடல், உள்ளே சேமித்த நீரைக்கொண்டு மாதக்கணக்கில் பசுமையாகக் கிடந்து, முதல் மழையில் எழுந்து நிற்கும். ஆதலின் ஆத்திரத்தோடு கத்தியை வீசி நாகதாளியை நூறு துண்டாக்கியவர் உண்மையில் நூறு கன்றுகளை நட்டவராகிறார். அத்துண்டுகளை வண்டியிலேற்றித் தெருவோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டியவர் ஊருக்கே கன்று வழங்கிய புண்ணியவானாகிறார்!

செய்ய வேண்டியது இதுவே. முதலில் கனிகளை நீக்குக. பறவைகள் அவற்றைத் தின்று விதையை அயல் வளவுகளில் இடுகின்றன. பின்னர், தடித்த கையுறை அணிந்து, நீண்ட பிடியுள்ள இடுக்கியால் மடல் மடலாகக் கழற்றிக் கீழே விரித்த படங்கிலே சேர்க்க வேண்டும். வெட்டுவது தவிர்க்க முடியாதெனில் படங்கின் மேலேயே வெட்டுக. அடித்தண்டையும் வேர்க்கட்டையையும் அலவாங்கினால் கெல்லி எடுக்க வேண்டும். சேர்த்தவற்றை இடுப்பளவு ஆழமான குழியில் இட்டு மூடலாம்; அல்லது சீமெந்துத் தரையிலோ தகரத்தின் மேலோ பரப்பி, முற்றாக வற்றிக் கருகும்வரை வெயிலில் விடலாம். இதன் பின்னரும் வேலை முடிந்ததன்று. மாதம் ஒருமுறை அவ்விடத்தைச் சுற்றிப் பார்த்துத் தலைகாட்டும் சிறு மடலைப் பறிக்க வேண்டும். ஓராண்டுக்காலம் இதனைச் செய்தவரே வென்றவர்.

நாகதாளியை வெல்லப் பெரிய அரசுகளே திணறியதுண்டு. அவ்வரலாற்றில் இலங்கைக்கும் தமிழ் நிலத்துக்கும் ஒரு சிறந்த இடம் இருக்கின்றது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

முற்காலத்தில் செந்நிறச் சாயத்துக்குப் பேர்போனது கொச்சினீல் என்னும் செதிற்பூச்சி. நாகதாளி இனச் செடிகளில் ஒட்டி வாழும் அப்பூச்சியை வளர்த்துச் செல்வம் சேர்த்தவர் ஸ்பானியர். அந்த வாணிகத்தில் பங்கு தேடிய ஆங்கிலேயர், 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து பூச்சிகளை இந்தியாவுக்குக் கொண்டு வந்தனர். வந்ததோ சாயத்துக்குரிய பூச்சியன்று, அதன் தாயாதி. சாயம் சிறக்கவில்லை, ஆனால் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அடியோடு உண்டு தீர்த்தது. சாயம் தேடியவர்களுக்கு, தேடாத மருந்தொன்று கிடைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதனைத் தென்னிந்தியாவிலும், 1865ஆம் ஆண்டளவில் அங்கிருந்து கொணர்ந்து இலங்கையிலும் பரப்பினர். ஒரு களையை அடக்குவதற்கென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை வேண்டுமென்று அனுப்பிய முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அறிவியலார் இதனைப் போற்றுகின்றனர்.

எனினும் அந்தப் பூச்சி நமது நாகதாளியைத் தீண்டவில்லை. ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒவ்வொரு கிளியன்றோ? நாகதாளிக்குரிய வேறொரு செதிற்பூச்சி 1920களில் இலங்கைக்கு வந்தது. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கடல் கடந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. சில ஆண்டுகளுக்குள் அங்கே பெரும் பரப்புகள் முள் நீங்கி உழவுக்கு மீண்டன. அதே காலத்தில் அவுஸ்திரேலியாவில் சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தைச் சப்பாத்திக்கள்ளி விழுங்கியிருந்தது. 1925இல் ஆர்ஜெண்டீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் பத்தாண்டுக்குள் அதனை முறியடித்தன. நன்றி மறவாத குவீன்ஸ்லாந்து உழவர்கள் பூனார்கா என்னும் ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினார்கள்.

இவற்றைப் படித்துவிட்டு எவரும் பூச்சி தேடிப் புறப்பட்டுவிடலாகாது. அதே அந்துப்பூச்சி பின்னர் கரிபியன் தீவுகளில் விடப்பட்டு, 1989ஆம் ஆண்டளவில் புளோரிடாவை அடைந்து, அங்குள்ள அரிய இயற்கைக் கள்ளிகளையே உண்ணத் தொடங்கியது. பூச்சியை ஏவுவது ஆராய்ச்சி நிலையங்களின் பணி; நமது பணி கண் திறந்து பார்ப்பது. வேலியோர நாகதாளியில் வெண்பஞ்சு போன்று ஏதேனும் ஒட்டியிருப்பின், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குங்குமச் சாறு வந்தால், நூறாண்டுக்கு முன் வந்த அந்தப் போர்வீரனின் பரம்பரையாக அது இருக்கலாம்.

இனி இரண்டாம் அரக்கன். தமிழ்நாட்டார் சீமைக்கருவேல் என்று பெயரிட்டு வைது தீர்க்கும் மரம் அது. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1877ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு விதை வந்தது. விறகும் நிழலும் தரும், உவர் நிலத்திலும் வளரும் என்று விரும்பியே அழைத்தார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கத்து உவர் நிலங்களில் 1950களில் அதனை நட்டனர். இன்று அங்குள்ள பூந்தல தேசிய வனத்தில் அதுவும் நாகதாளியும் சேர்ந்து பறவைகளும் விலங்குகளும் உலவும் வெளிகளை அடைத்து நிற்கின்றன. வறண்ட வடமேற்குக் கரையிலும் அது கால் ஊன்றியிருக்கின்றது. தமிழ்நாட்டில் இம்மரங்களை அகற்றும்படி 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிடும் நிலை வந்தது.

இதன் உயிர் மடலில் இல்லை, கிளையிலும் இல்லை. தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தரையோடு தரையாக மரத்தை அறுத்தவுடன் அவை விழித்தெழும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டுகள் முளைத்து, மரம் புதராகிவிடும். ஆதலின் கோடரி மட்டும் போதாது, மண்வெட்டி வேண்டும். சுற்றிலும் ஓரடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, அந்தக் கண்கள் உள்ள பகுதிக்குக் கீழே வேரை வெட்டிக் கட்டையை வெளியே எடுக்க வேண்டும். கன்றாயின், மழை பெய்து மண் நெகிழ்ந்த மறுநாள் ஒரு சிறுவனே பிடுங்கிவிடுவான். பகைத்திறம் தெரிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் பகைவனுக்கு முள்மரத்தை உவமையாக்கியமை மாணவர் அறிந்ததே. மரம் முற்றிய பின் வெட்டப் போகிறவனின் கை என்ன பாடு படும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அதன் இன்னோர் உயிர் விதையில் இருக்கின்றது. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் விரும்பி உண்ணும். விதை சாணத்தோடு வெளிவந்து எருவூட்டப்பட்ட நிலையில் முளைக்கும். ஆகவே நெற்று முற்றும் காலத்தில் மந்தையை அம்மரத்தடியில் கட்டுதல் தகாது. ஓர் எச்சரிக்கை: முள் உள்ளதெல்லாம் பகையன்று. குடைவிரித்தாற்போல நிற்கும் உடைமரம் நமது கரைக்கே உரியது. உருண்டையான வெண்பூவும் முறுகிய காயும் உடையது உடை. பூனைவால் போல நீண்ட பூங்கதிரும் தட்டையாக நீண்டு தொங்கும் நெற்றும் உடையது சீமைக்கருவேல். இனம் அறிந்தே ஆயுதத்தை எடுக்க வேண்டும்.

மூன்றாவது அரக்கன் உருவிற் சிறியவன்: பார்த்தீனியம். கேரட் இலை போன்ற இலையும், நட்சத்திரம் தூவினாற்போன்ற வெண்பூவும் உடைய இச்செடி, 1980களின் இறுதியில் இந்தியாவிலிருந்து நமது நாட்டின் வடபகுதிக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைத் தரும். அதனைத் தொட்டவர்க்குச் சொறியும், அதன் மகரந்தத்தைச் சுவாசித்தவர்க்கு மூச்சிரைப்பும் வருதல் உண்டு. அதன் உயிர் முழுவதும் விதையிலேயே இருப்பதால், பூக்கும் முன்னர் கையுறையோடு வேருடன் பிடுங்குவதே வழி. பூத்த பின் பிடுங்கி உதறுகிறவர் விதைக்கிறவராவார். வெளியூரிலிருந்து எருவும் மண்ணும் ஏற்றுவிப்போர், கொட்டிய இடத்தை ஓரிரு மாதம் கண்காணிப்பது நலம்.

இத்தகைய துன்பம் வறண்ட நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் இன்று வீடு விற்பவர் நிரப்பும் படிவத்தில் ஒரு செடியைப் பற்றிய கேள்வி இருக்கிறது. அது ஜப்பான் நாட்டு நொட்வீட். மூங்கில் போலக் கணுக்கணுவான உட்குழல் தண்டு உடைய பூண்டு. நாகசாகியில் ஒல்லாந்தரின் மருத்துவராக இருந்த சீபோல்ட் என்னும் ஜேர்மானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார். 1847ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுத் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று சிறந்த புதுச் செடியென்று அதற்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. 1850இல் அது இலண்டன் கியூ பூங்காவை அடைந்தது. அதன் உயிர் நிலத்தடித் தண்டிலே இருக்கிறது. விரல் நகமளவு துண்டொன்று மண்ணில் கிடந்தாலும் புதிய செடி எழும். பனிக்காலத்தில் மேற்பகுதி மடிந்து, ஒழிந்தது என்று எண்ணவைத்து, வசந்தத்தில் ஆளுயரம் தாண்டும். அது வளரும் வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. அதனைக் காட்டில் பரவவிடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஒரு காலத்துத் தங்கப்பதக்கம் இன்று வீட்டின் விலையைக் குறைக்கும் வடுவாகிவிட்டது.

அந்நாட்டு வழக்கொன்று நமது சிந்தனைக்குரியது. வேல்ஸ் பகுதியில் இரயில் பாதைக் காணியில் வளர்ந்த இப்பூண்டு அயல் வீடுகளை நெருங்கியது. வீட்டுக்காரர் இருவர் வழக்கிட்டனர். 2018ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வீட்டின் விலை குறைந்தது என்பது மட்டும் காரணமாகாது; தன் நிலத்தை அச்சமின்றி அனுபவிக்கும் உரிமை கெட்டது என்பதே காரணம் என்று நீதிபதிகள் கூறினர். வளவின் எல்லையை மனிதர் கல் நட்டு வகுக்கலாம். வேர் அந்தக் கல்லை வாசிப்பதில்லை. ஒருவர் அசட்டையாக வளரவிட்டது இன்னொருவரின் நிம்மதியைக் கெடுக்கும் என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்குகின்றது.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஒரு குறுக்கு வழியை நாடுவர். மண்ணெண்ணெயையோ, பழைய எஞ்சின் எண்ணெயையோ, உப்பையோ அடிக்கட்டையில் கொட்டுவர். அல்லது கடையில் விற்கும் களைக்கொல்லியை அளவின்றித் தெளிப்பர். களிமண் நாட்டில் இதன் தீமை மெதுவாகத் தெரியும். நமது கரையில் உடனே தெரியும். இங்கே நாம் குடிக்கும் நீர் யாது? மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. அந்த ஆடையில்தான் நமது கிணறுகள் வாய் வைத்திருக்கின்றன. மேலே ஊற்றியதை மணல் வடிகட்டி வைத்திருப்பதில்லை; அப்படியே கீழே அனுப்பிவிடும். கற்பிட்டிக் குடாநாட்டில் தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்றுக் கிணற்று நீரில் மிகுந்திருப்பதை 1980கள் முதலே ஆய்வாளர் பதிவு செய்து வருகின்றனர். கிளைபோசேற்று என்னும் களைக்கொல்லிக்கு 2015இல் நமது நாட்டில் தடை வந்ததும், பின்னர் அது தளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. சட்டம் அனுமதித்தாலும் கிணறு அனுமதிக்குமா என்று பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரரே. மருந்து இன்றியமையாதது என்று தோன்றினால், கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரைக் கேட்டபின் செய்க. ஒரு வேலியைச் சுத்தமாக்குவதற்கு ஒரு குடும்பத்தின் குடிநீரை விலையாகக் கொடுத்தல் பேதைமை.

இன்னொரு தடையும் உண்டு. நமது வளவை எவ்வளவு துப்புரவாக்கினாலும், பக்கத்து வளவு பற்றையாகக் கிடந்தால் என்ன பயன்? அதன் உரிமையாளர் கொழும்பிலோ கடல் கடந்த நாட்டிலோ இருப்பார். பலர் வருந்தி வருந்தி வேலியடைப்பர். சிலர் வாய்ச்சண்டைக்கு நிற்பர். இவ்விரண்டையும் விட நல்ல வழி ஒன்றுண்டு. அவரோடு பேசி ஒப்புதல் பெற்று, ஒழுங்கையிலுள்ள நாலைந்து வீட்டார் கூடி ஒரே நாளில் இரு பக்கத்தையும் சுத்தம் செய்தல். ஆலயத் திருவிழாவுக்கு முன்னர் வீதியைச் செப்பனிடக் கூடுகின்ற கைகள் இதற்கும் கூடலாம். பாடசாலை மாணவர் சிரமதானத்தில் முள்ளைத் தொடவேண்டியதில்லை. எந்த வளவில் எது எங்கே நிற்கின்றது என்று படம் வரைந்து கொடுத்தாலே பெரும் உதவியாகும்.

சுத்தம் செய்த இடத்தை வெறுமையாக விடுதலும் ஆகாது. கடற்கரை மணல்மேட்டில் நாகதாளியை ஒரே மூச்சில் அகற்றிவிட்டால், கச்சான் காற்று அந்த மணலை முற்றத்திலே கொண்டு வந்து கொட்டும். பகுதி பகுதியாக அகற்றி, அகற்றிய இடத்தில் நமது கரைக்குரியவற்றை வளர விடவேண்டும். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் எந்த மணலையும் கட்டிப்பிடிக்க வல்லவை. வளவின் எல்லையிலே கதியால் நட்டுக் கிடுகு கட்டிய பழைய வேலிக்கு ஈடான வேலி இன்னும் வரவில்லை. அது காற்றைத் தணிக்கும். ஆட்டுக்குக் குழை தரும். அயலவர் முகம் பார்த்துப் பேச இடமும் விடும்.

அழகென்றும் நிழலென்றும் காவலென்றும் எண்ணி அழைத்த செடிகளே இன்று நம்மை வருத்துகின்றன. ஆகவே தோட்டத்துக்குப் புதிய செடியொன்று வாங்கும்போது அதன் பூவை மட்டும் பாராமல், அது எவ்வாறு பெருகும் என்றும் கேளுங்கள். துண்டிலா, வேரிலா, விதையிலா? அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், எதை நடலாம் என்பதும் தெரியும். நட்டதை எப்போது, எங்கே தடுக்கலாம் என்பதும் தெரியும்.

உயிர்நிலையை அறிதல் முதற்பாதி. மறுபாதி, மாதந்தோறும் தவறாமல் குனிந்து பார்க்கும் பொறுமை. அந்தப் பொறுமை தனியொருவருக்கு அரிது. ஒழுங்கை முழுவதுக்கும் எளிது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொன்னது, அக்கொடி மணலைக் கட்டி நிற்பதை இத்தகைய கரைகளில் கண்டுதான் போலும்.